ஒரு மணிக்குள் ஒரு செய்தி

"கிடைச்சிருச்சு உஸ்தாத்! முதல் பக்கத்துல போட வேண்டிய செய்தி!"

கதவைத் தட்டக்கூட மறந்து உள்ளே வந்து நின்றாள் ரந்தா. மூச்சு வாங்கியது. முக்காட்டு ஓரம் வேர்வையில் நனைந்திருந்தது.

செய்தி ஆசிரியர் வஜ்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

அலெக்ஸாண்டிரியாவின் அந்தப் பழைய நாளிதழில் ஒரே ஒரு நிருபர் வேலை காலி. ஆள் எடுக்க அனுமதி கேட்டு வஜ்தி இரண்டு வருஷம் முதலாளியிடம் மன்றாடியிருந்தார். போன வாரம்தான் அவர், "யாரை வேணும்னாலும் எடுத்துக்கோ" என்று அலுப்பாகத் தலையாட்டினார். வஜ்தி உடனே இதழியல் கடைசி வருஷ மாணவர்கள் நாலு பேரை வரவழைத்துவிட்டார். அன்று காலை பத்து மணிக்கு அவர் வைத்த பரீட்சை இதுதான்: "இந்தத் தெருவைத் தாண்டக் கூடாது. ஒரு மணிக்குள்ள, யாருக்கும் தெரியாத ஒரு செய்தியோட வரணும். ஜெயிக்கிற ஆளுக்கு வேலை."

மூன்று பேர் முன்னாலேயே வந்து போய்விட்டார்கள். ஒருவன் தக்காளி விலை ஏறியதைக் கண்டுபிடித்திருந்தான். ஒருத்தி டிராம் நிறுத்தத்துக் குப்பையைப் பற்றி எழுதியிருந்தாள். இன்னொருவன் கடலைப் பார்த்து ஒன்றரைப் பக்கம் உருகியிருந்தான். இவர்களுக்கு நாலு வருஷம் என்னதான் சொல்லிக் கொடுத்தார்களோ என்று வஜ்திக்கு வயிறு எரிந்தது.

"சொல்லு. என்ன செய்தி?"

"இந்தத் தெருவுல அறுபது வருஷமா இருக்கற ஒரு நிறுவனத்தை இழுத்து மூடப் போறாங்க. வர்ற ஒண்ணாம் தேதியிலிருந்து! அங்க வேலை பார்க்கறவங்களுக்கே இன்னும் தெரியாது!"

வஜ்தி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"எதிர்ல இருக்கற கப்பல் கம்பெனிதானே? எனக்கு அப்பவே சந்தேகம்! அதோட முதலாளி முழியே சரியில்லை."

"பேரைக் கடைசியில சொல்றேன் உஸ்தாத். இப்பவே சொன்னா நீங்க ஆதாரத்தைப் பார்க்க மாட்டீங்க."

"திமிரு கொஞ்சம் ஜாஸ்திதான் உனக்கு," என்றார் வஜ்தி. அந்தத் திமிர் அவருக்குப் பிடித்திருந்தது. "சரி, யாரு சொன்னா?"

"முதல்ல முனையில இருக்கற காபிக் கடை ஷுக்ரி. அந்த ஆபீசுக்குத் தினம் அறுபது கிளாஸ் டீ போகுதாம். ஒண்ணாம் தேதியிலிருந்து வேணாம்னு அதோட முதலாளி வீட்டுலருந்து போன் வந்துச்சாம்."

"டீயை நிறுத்தினா கம்பெனியை மூடறாங்கன்னு அர்த்தமா? கஞ்சப்பயலா இருப்பான். எங்க முதலாளியும் அப்படித்தானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனால அந்தக் கட்டடத்துக் காவல்காரரைப் பிடிச்சேன். மனுஷன் வாயே திறக்கலை. ஒரு மணி நேரம் அவர் பக்கத்துல உக்காந்து பூசணி விதை கொறிச்சேன். தானா கொட்டிட்டாரு. போன வெள்ளிக்கிழமை, எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரமா பார்த்து நாலு பேர் வந்து, அந்தத் தளம் முழுக்க அளந்துட்டுப் போனாங்களாம்."

"ரெண்டு பேரும் கூட்டாளிங்களா? ஒருத்தன் கதையைத்தான் இன்னொருத்தனும் சொல்றானா?"

"போன வருஷக் கால்பந்து மேட்ச்சுலருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது உஸ்தாத். விசாரிச்சுட்டேன்."

வஜ்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் ஒரு மாணவியை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"எல்லாம் வாய்ச்சொல்தானே? காகிதம் இருக்கா?"

ரந்தா கைபேசியை நீட்டினாள். "அளந்தது ஒரு பல் டாக்டரோட ஆளுங்கன்னு காவல்காரரே சொன்னாரு. பத்திரிகைக்காகக் கேக்கறேன்னு டாக்டருக்கே போன் போட்டேன். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்! வாடகை ஒப்பந்தத்தைப் படம் பிடிச்சு அனுப்பிட்டாரு. கிளினிக் பேரைக் கொட்டை எழுத்துல போடணுமாம்."

தேதி இருந்தது, முத்திரையும் இருந்தது. நிறுவனத்தின் பெயர் இருந்த வரியை மட்டும் அவள் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

வஜ்தியால் அதற்கு மேல் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தத் தெருவில்தான் நடக்கிறார். இப்படி ஒரு செய்தி அவர் மூக்குக்கே எட்டவில்லை! வெட்கமாகவும் இருந்தது, அதைவிட சந்தோஷமாகவும் இருந்தது. அறைக்கு வெளியே தலையை நீட்டி, பக்கம் வடிவமைப்பவரைப் பார்த்துக் கத்தினார்.

"ஸக்கி! முதல் பக்கத்துல அந்த மீன் கண்காட்சிப் படத்தைத் தூக்கு! இடம் வை!"

திரும்பியவர் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "வேலை உனக்குத்தான்! ஒண்ணாம் தேதி காலையில ஒன்பது மணிக்கு இங்க இருக்கணும்."

ரந்தாவின் முகத்தில் சிரிப்பு சட்டென்று வாடியது. "ஒண்ணாம் தேதியா உஸ்தாத்..."

"ஏன், அன்னிக்கு என்ன, உனக்குக் கல்யாணமா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப மூஞ்சியைத் தொங்கப் போடாதே. கடைசியா ஒண்ணே ஒண்ணு. அந்த நிறுவனத்துல பொறுப்பான ஆள் யாரையாவது கேட்டியா? அவங்க பதில் இல்லாம ஒரு வரிகூட அச்சுக்குப் போகாது. போன்ல கேக்காதே. நேர்ல போய் நின்னு, முகத்தைப் பார்த்துக் கேக்கணும்."

"அது ஒண்ணுதான் பாக்கி. அதுக்குத்தான் நேரா இங்க வந்தேன்."

ரந்தா குறிப்பேட்டைப் பிரித்துப் பேனாவின் மூடியைத் திறந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தே கேட்டாள்.

"இந்த நாளிதழை மூடப் போறாங்களே உஸ்தாத், உங்க பதிலா என்ன எழுதிக்கட்டும்?"