நான்காவது ஜாடி

ஆகஸ்ட் 9. போன வாரம் நான்காவது ஜாடிக்கு முப்பது கிராம் இலை குறைவாகப் போட்டிருக்கிறேன். தராசில் நிறுத்ததில் தவறு.

வான்-ரு நோட்டில் அந்த வரியின் கீழே கோடு போட்டாள். மாலை வகுப்பில் மூலிகைப் பாடம் படிக்கிறவள். நான்காவது ஜாடி வீட்டில் அப்பாவின் கட்டில் தலைமாட்டில் இருப்பது.

தைவானின் தைனான் நகரம் முழுக்க டெங்கு. அப்பாவுக்கு முன்பே ஒருமுறை வந்து போனது. மறுபடி வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வந்துவிட்டது. நேற்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

கொசு அண்டாமலிருக்கத்தான் மாசிபத்திரி இலையைத் தண்ணீரில் ஊறவைத்து, வாடை பரவட்டும் என்று மூடியைத் திறந்து வைத்தாள். வீட்டுக்குள் வைத்தது போக, சந்தில் எட்டு வீட்டு வாசலிலும் ஒவ்வொன்று. டிராகன் படகுத் திருவிழாவுக்கு எல்லாரும் வாசலில் கட்டுகிற இலை. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உன் கஷாயம் நல்லாத்தான் மணக்குது. கொசுவெல்லாம் விருந்துக்கு வர்ற மாதிரி வருது," என்றாள் எதிர்வீட்டுக் குவோ அத்தை, காலைச் சொறிந்தபடி.

"இலை பத்தல அத்தை. இன்னும் போடறேன்."

"போடு, போடு. எம் மருமகளுக்கும் நேத்துலேருந்து காய்ச்சல். ஏழு மாசம் அவளுக்கு."

சாயங்காலம் சுகாதாரத் துறைப் பெண் டார்ச்சோடு வந்தாள். பூந்தொட்டித் தட்டு, ஏ.சி. தண்ணீர் வாளி, மாடிக் குழாய் எல்லாம் பார்த்தாள். எங்கும் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

"இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கே. அப்புறம் எங்கேருந்துதான் வருது?"

"அதான் அக்கா எனக்கும் புரியல."

அப்பாவின் அறையில் டார்ச் வெளிச்சம் ஜாடிமேல் நின்றது.

"தண்ணிய எப்போ மாத்தினே?"

"மாத்தினதே இல்ல. சாறு நீர்த்துப் போயிடும்னு, ஒரு மாசமா இலை மட்டும் வாராவாரம் சேர்க்கறேன்."

அந்தப் பெண் இலைகளை ஒதுக்கி, ஒரு கரண்டி மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினாள். கறுத்த நூல்துண்டு போல இருபது முப்பது புழுக்கள் அதில் துள்ளித் துள்ளி நெளிந்தன.

"இலை அழுகின தண்ணின்னா கொசு தேடி வந்து முட்டை போடும்மா," என்றாள் மெதுவாக. "எத்தனை வீட்டுக்குக் குடுத்தே?"

இருட்டுவதற்குள் இருவருமாகப் போய் எல்லா ஜாடிகளையும் கவிழ்த்தார்கள். ஏன் என்று கேட்டவர்களிடம் நாளை வந்து சொல்வதாகச் சொன்னாள் வான்-ரு. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள்.

நாளை: எட்டு வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டும். முதலில் குவோ அத்தையிடம்.