ஒரு சாண் இடம்

"பொண்ணுக்கு இதுதான் முதல் வண்டி. நான் கைவச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார் அப்பா.

வண்டிக்காரர் சாவி இரண்டையும் மேசைமேல் போட்டார். காலையிலிருந்து இவரோடு மல்லுக்கட்டி அவருக்கும் நாக்கு வறண்டிருந்தது. "பாருங்கண்ணே, நல்லாப் பாருங்க. ஆனா எடுத்தா எடுத்ததுதான். அப்புறம் இது வேண்டாம், அதைக் குடுன்னு வந்து நிக்கக் கூடாது."

தகரக் கொட்டகைக்குள் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று கறுப்பு மசில் கார். பழசு, நீண்ட மூக்கு, கிளப்பினால் கூரைத் தகரமும் சேர்ந்து உறுமும். இன்னொன்று சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். புதுசு, பாயப் போகிற பூனை மாதிரி தரையோடு பதுங்கி நின்றது.

மகள் சிவப்பை விட்டு நகரவில்லை. "இதுவே இருக்கட்டும்பா. பாக்கறவங்க கண்ணு இதுமேலயேதான் இருக்கும்."

"பாக்கறவன் பாத்துட்டுப் போயிடுவான். உள்ள உக்காரப் போறது நீ."

அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது. எதைப் பார்ப்பதென்றாலும் உடம்போடு திரும்ப வேண்டும். செய்த வேலை கொடுத்தனுப்பிய பரிசு அது. அப்படியே திரும்பித் திரும்பி இரண்டு வண்டியையும் சுற்றி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"சிவப்பைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் வண்டிக்காரர். "அது தரையைக் கவ்விப் பிடிக்கும். சறுக்கப் பாத்தா அதுவே நிமித்திக்கும். உள்ள தனியா ஒரு மூளையே இருக்கு."

"அதான் பயமா இருக்கு. இவ ஒண்ணு நெனச்சா அது ஒண்ணு நெனைக்கும். வீட்டுல மூணு மூளை இருந்தே ஒத்துப் போக மாட்டேங்குது, நாலாவது வேறயா?"

மகளைச் சிவப்பு வண்டியில் உட்காரச் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவள் தலைக்கும் கூரைக்கும் நடுவில் கையை நுழைத்தார். விரல்கள்தான் போயின.

"நிமிந்து உக்காரு."

"நிமிந்துதான்பா இருக்கேன். இதுக்குமேல நிமிந்தா கூரையில முட்டும்."

கறுப்பில் உட்கார்ந்தபோது ஒரு சாண் முழுசாக விரிந்தது. அப்பா கையை உடனே எடுக்கவில்லை. பிறகு கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கீல் எண்ணெய் குடித்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

"கதவு கழண்டு கைல வந்துடப் போகுதுண்ணே" என்றார் வண்டிக்காரர்.

"இங்க வந்தா பரவாயில்ல."

அப்போது போன் அடித்தது. மனைவி. "எந்த வண்டின்னு எனக்குச் சொல்ல வேண்டாம். கூட்டிட்டுப் போன பொண்ணை முழுசா கொண்டு வந்து சேருங்க. இல்லேன்னா நீங்களும் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்" என்றாள். இவர் "ம்" சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அப்பா பழைய டயர்களின்மேல் உட்கார்ந்தார். மகள் இதைக் கேட்க ஆரம்பித்து வருஷக்கணக்காயிற்று. மறுத்து மறுத்து அவருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. இரண்டும் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்குப் பிடிக்கலேன்னா சொல்லிடுங்கப்பா."

"சொன்னா கேப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் ஏன் கேக்கற?"

அப்பா முழங்காலில் கையூன்றி எழுந்தார். "கறுப்பே இருக்கட்டும்."

மகளின் முகம் சுருங்கியது. "அது அழகாவே இல்லியேப்பா."

"அழகு எத்தனை நேரத்துக்கு?"

வண்டிக்காரர் கறுப்பின் சாவியை நீட்டினார். சிவப்பு தன்னிடமே தங்கியதில் அவருக்கு உள்ளூர நிம்மதி. அப்பா சொன்னபடி வெல்டர் ஒருவர் வந்து வண்டிக்குள் இரும்புக் குழாய்களைப் பொருத்தி முடிக்க வெயில் தாழ்ந்துவிட்டது.

"டேங்க்ல பாதிக்குமேல பெட்ரோல் இருக்குண்ணே" என்றார் வண்டிக்காரர்.

"எல்லாத்தையும் இறக்கிடு தம்பி. எதிர்த்தாப்ல இருக்கற மைதானத்துக் கோடிவரைக்கும் போறதுக்கு இருந்தா போதும்."

"பாத்தீங்களா, முதல் நாளே கஞ்சத்தனம்" என்று மகள் வண்டிக்காரரிடம் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை அவரே மாட்டினார். காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார்.

"மூச்சு முட்டுதுப்பா."

"முட்டட்டும்."

கடைசியாக ஒருமுறை அவள் தலைக்குமேல் கையை விரித்து வைத்துப் பார்த்தார். அதே ஒரு சாண் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, திரும்பாத கழுத்தை உடம்போடு ஜன்னலுக்குள் நீட்டினார்.

"வண்டியை மூணு குட்டிக்கரணம் போட வச்சா போதும்மா, கேமராக்காரன் கேட்டான்னு நாலாவது போடாத."