ஆடாம கெடலே

பயோமெடிக்கல் மூன்றாம் ஆண்டு ஆய்வகத்தில் இருவர் இருவராகச் சேர்ந்துதான் ஈசிஜி எடுப்பார்கள். ஒருவர் கட்டிலில் படுக்க, மற்றவர் கை கால்களில் கிளிப் மாட்டுவார். கெசியாவின் ஜோடி சுபின். அவள் படுக்கக் கூச்சப்படுவாள் என்பதால் எப்போதும் அவன்தான் நோயாளி. படுத்ததுமே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். உடம்பு குலுங்கும், திரையில் கோடு நடுங்கும். "ஆடாம கெடலே" என்பாள்.

போன மாதம் தாமிரபரணியில் குளிக்கப் போன இடத்தில் சுபின் இறந்துபோனான். பாளையங்கோட்டையில் அடக்கம் செய்தார்கள். கெசியாவும் ஒரு பிடி மண் போட்டாள்.

இன்று பழக்கத்தில் கிளிப்புகளைக் காலிக் கட்டிலில் கை கால் வரும் இடங்களில் வைத்துவிட்டு மெஷினைப் போட்டாள். ஆள் இல்லாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல்தான் வர வேண்டும். இதயத்துடிப்பு வந்தது. கோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

வயர்களை அசைத்துப் பார்த்தாள். பிளக்கைக் கழற்றி மாட்டினாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"ஆடாம கெடலே" என்றாள்.

நடுக்கம் நின்றது. துடிப்பு தெளிவாக ஓடியது. அச்செடுத்துக்கொண்டு போய் சாரிடம் காட்டினாள். "நல்லா வந்திருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் போனபின் ஆய்வக உதவியாளர் செல்வமணி சாவியோடு வந்து வாசலில் நின்றார். "மெஷின அணைச்சிட்டுக் கெளம்பும்மா. பூட்டணும்லா."

"சரி அண்ணாச்சி."

கெசியா சுவிட்சில் விரலை வைத்தாள். கட்டிலைப் பார்த்து, "அணைச்சிரட்டுமாலே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கோடு மறுபடியும் நடுங்கத் தொடங்கியது.