வேங்கை டம்ளரின் நீலம்

செண்பகவல்லி பழைய மர டம்ளரைக் கடைசல் பட்டறைப் பலகையில் வைத்தாள். "சாயமே இறங்க மாட்டேங்கு அண்ணாச்சி. சத்து தீந்துட்டு போல. புதுசா ஒண்ணு கடைஞ்சு தாங்க." கடைசல்காரர் ஆவுடையப்பன் அதைத் தொடவில்லை. போன தை மாதம் வேங்கைக் கட்டை கிடைக்காமல், வாகை மரத்தைக் கடைந்து காசுக்கட்டிச் சாயத்தில் ஊறப்போட்டு, சர்க்கரை நோய்க்குக் கைகண்ட வேங்கை டம்ளர், இதில் ஊறிய தண்ணீர் வெயிலில் நீலம் காட்டும் என்று அவள் கையில் கொடுத்தவர் அவர்தான். "வீட்ல அவுகளுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "இந்தத் தண்ணிய நம்பி மாத்திரைய விட்டுட்டாக. கால்ல ஒரு விரல எடுத்தாச்சு." ஜன்னலோரம் வேறு யாருக்கோ கடைந்த அசல் வேங்கை டம்ளர் ஒன்று தண்ணீரோடு ஊறிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வெயிலில் வைத்தார். தேநீர் நிறத் தண்ணீரின் விளிம்பில் மெல்லிய நீலம் ஓடியது. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நீங்க அன்னைக்குச் சொன்ன நீலம் இதானா? எனக்கு ஒருநாளும் வரலயே. ஊறப்போடத் தெரியாத பாவி நாந்தான்னு அவுக காலப் பிடிச்சுக்கிட்டு அழுதேன் அண்ணாச்சி." பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இந்தத் தடவ ஒழுங்காக் கேட்டுக்கிடுதேன். சொல்லுங்க, எத்தன மணி நேரம் ஊறணும்?"