அரை அங்குலப் பனி

"வுட்பிரிட்ஜ்! ஒருத்தருக்குத்தான் இடம்! சீக்கிரம் ஏறுங்க சார்!"

டோரீன் கார்க் கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். வாஷிங்டனின் பதினான்காம் தெருவோரம், போகிற வழியில் யாராவது ஏற்றிக்கொள்ள மாட்டார்களா என்று நின்ற வரிசையிலிருந்து ஒருவர் ஓவர்கோட்டும் தோல்பெட்டியுமாக வந்து பின் சீட்டில் ஏறினார். காரில் மூன்று பேர் இருந்தால்தான் நெடுஞ்சாலையின் விரைவுப் பாதையில் விடுவார்கள். மற்ற கார்களெல்லாம் பக்கத்துப் பாதையில் ஊர வேண்டியதுதான்.

இன்றைக்கு ஊரக்கூட வழியில்லை. நாலு மணிக்கு மேல் அரை அங்குலம் பனி விழலாம் என்று ரேடியோ சொல்லியிருந்தது. அதற்குத் தப்பித்து வீடு போய்ச் சேர, மதியம் ஒரு மணிக்கே ஊர் மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிட்டது. வானத்திலிருந்து இன்னும் ஒரு துகள்கூட விழவில்லை.

"லாயிட் பெம்பர்டன். துணை உதவி இயக்குநர்," என்று வந்தவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். "நெரிசலைத் தவிர்க்க எல்லாரும் முன்கூட்டியே கிளம்பணும்னு சர்க்குலர் விட்டது நான்தான்."

"எல்லாரும்னா, எல்லாருமா சார்?"

"ஒருத்தரையும் விடலை. நாற்பதாயிரம் பேருக்குப் போயிருக்கு. கரெக்டா ஒரு மணிக்கு!"

டோரீன் முன்னால் நின்ற கார்க்கூட்டத்தைப் பார்த்தாள். "போய்ச் சேர்ந்திருக்கு சார். நல்லாவே தெரியுது."

அவள் சிரிக்கவில்லை. நாலு வயது மகள் டெஸ் வுட்பிரிட்ஜ் காப்பகத்தில் இருந்தாள். பனிக்குப் பயந்து காப்பகம் இன்று நாலு மணிக்கே மூடப் போகிறது. போன தடவை டோரீன் இருபது நிமிஷம் பிந்தியபோது, இன்னொரு முறை இப்படி ஆனால் குழந்தைக்கு இடம் கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இப்போதே மணி இரண்டே முக்கால். நாலு தெரு கடக்க ஒன்றரை மணி நேரம் பிடித்திருந்தது.

இப்படி ஏறுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டுகிறவர் பேச்சுக் கொடுத்தாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. பெம்பர்டனை அது கட்டுப்படுத்தவில்லை. பனிக்குழு அமைத்த கதை, அதற்குத் துணைக்குழு அமைத்த கதை, துணைக்குழு பனியை ஆராய ஃபுளோரிடா போய்த் தங்கிய கதை என்று அடுக்கிக்கொண்டே போனார்.

முன் சீட்டில் டோரீனுக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பக்கூட இல்லை. தொப்பி, மஃப்ளர், கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை. நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெம்பர்டன் முன்னால் எட்டிப் பார்த்தார். தம் பேச்சுக்கு இவ்வளவு நேரம் தலையாட்டாமல் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் தமக்கு மேல் பதவியில் இருப்பவராகத்தான் இருக்க முடியும்.

"மேடம்," குரல் தாழ்ந்தது. "சார் எந்த டிபார்ட்மெண்ட்?"

"அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை சார்."

"ஓ! அந்த டிபார்ட்மெண்ட்டா!" பெம்பர்டன் டையைச் சரிசெய்துகொண்டார். "தினமும் உங்க கார்லதான் வர்றாரா?"

"தினமும்தான். ஏறினா வாயே திறக்க மாட்டார். ரூல்னா ரூல்தான் அவருக்கு."

"அப்படித்தான் இருக்கணும்! நானும் இதைத்தான் பல கமிட்டியில..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாக ஏழு நிமிஷம் பேசாமல் இருந்தார்.

விரைவுப் பாதையின் வாயிலில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

"எத்தனை பேர் மேடம்?"

"மூணு பேர் சார். குழந்தையைக் கூப்பிடப் போகணும், கொஞ்சம் சீக்கிரம்..."

அவர் குனிந்தார். "முன்னாடி இருக்கிறவர், கண்ணாடியைக் கழட்டுங்க. ஹலோ, உங்களைத்தான்!"

முன் சீட்டுக்காரர் அசையவில்லை.

"என்னய்யா திமிரு உனக்கு!" பெம்பர்டன் பின்னாலிருந்து தம் அடையாள அட்டையை நீட்டியபடி வெடித்தார். "யார்கிட்ட பேசறேன்னு தெரியுமா? அவர் ஒரு வார்த்தை சொன்னார்னா நாளைக்கு நீ இந்த ரோட்டுல நிக்க மாட்டே! உன் மேலதிகாரி பேர் என்ன?"

போலீஸ்காரர் அட்டையைப் பார்த்தார். முன் சீட்டின் மௌனத்தைப் பார்த்தார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"மன்னிக்கணும் சார். போங்க சார்."

கார் பறந்தது.

வுட்பிரிட்ஜில் இறங்கிய பெம்பர்டன் முன் ஜன்னலருகே போனார். நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல் தம் ஷூவைப் பார்த்தே பேசினார். "ரொம்பப் பேசித் தொந்தரவு பண்ணிட்டேன் சார். அடுத்த மாசம் பதவி உயர்வுப் பட்டியல் வருது. என் பேரைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கிட்டா..."

பதில் இல்லை. அந்தக் கம்பீரம் அவரை உருக்கிவிட்டது. சுற்றி வந்து டோரீனிடம் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார்.

"சார் கையில சேர்த்துருங்க மேடம். முடியாதுன்னு சொல்லலையே, அதுவே பெரிய விஷயம்!"

மூன்று ஐம்பத்தைந்துக்கு டோரீன் காப்பக வாசலில் இருந்தாள். டெஸ் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா! இன்னிக்கு லேட்டே இல்லை!"

"எல்லாம் சார் புண்ணியம்டி செல்லம்," என்ற டோரீன், முன் சீட்டு பெல்ட்டை அவிழ்த்து, பெரியவரின் தலையைத் திருகிக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். மிச்சமிருந்த துணிக்கடைப் பொம்மையை டிக்கியில் போட்டு மூடுமுன், அதன் கையுறைக்குள் துணை உதவி இயக்குநரின் கார்டை மறக்காமல் செருகினாள்.