சுத்தமான கை

"இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும், காவ்யா? ஜோசபினை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்!"

டாக்டர் வைஜயந்தி பிளேட்டை லேப் மேஜையில் ணங்கென்று வைத்தார். புனேயின் அந்த ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு அவர்தான் தலைமை. அங்கே குறைமாதக் குழந்தைகள் இரண்டின் ரத்தத்தில் ஈஸ்ட் கிருமி. கல்ச்சர் பிளேட் என்ற சோதனைத் தட்டில் வளர்த்தால் அது வகைக்கொரு நிறம் காட்டும். இது ஊதா.

வார்டில் எல்லார் கையிலும் மாதிரி எடுத்து வளர்த்ததில், நர்ஸ் ஜோசபினின் பிளேட் முழுக்க ஊதாப் புள்ளிகள். மற்றவர்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றும். ஒரே ஒரு பிளேட் மட்டும் சுத்தம்.

லேப் டெக்னீஷியன் காவ்யாவால் நம்ப முடியவில்லை. நாள் முழுக்கக் கை கழுவியே தோல் உரிந்துபோனவர் ஜோசபின். அவர் கையிலா? எப்படி யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

வாசலில் நின்ற ஜோசபின் அழுதேவிட்டார். "என் கையாலயா காவ்யா அந்தப் பிள்ளைங்களுக்கு வந்துச்சு? ஒவ்வொரு பிள்ளையத் தொடறதுக்கு முன்னாடியும் சோப்பு போடுறேனேம்மா!"

சோப்பு!

காவ்யா வார்டுக்கு ஓடினாள். வாஷ்பேசின் மேல் இருந்த சோப்பு பாட்டில், கழுவாமலே மேலே மேலே ஊற்றி நிரப்பப்படுவது. அதைக் கையோடு எடுத்து வந்து, உள்ளிருந்ததைப் புது பிளேட்டில் தேய்த்தாள்.

"ரெண்டே நாள் பொறுங்க மேடம்" என்று டாக்டரிடம் கெஞ்சினாள்.

இரண்டாம் நாள் பிளேட் முழுக்க ஊதா. நல்லவேளையாக, குழந்தைகளும் மருந்தில் தேறிவந்தன.

"அரே தேவா! சோப்புலயா கிருமி?" டாக்டர் பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "அப்போ யார் நிறையக் கழுவினாளோ, அவ கையில நிறைய... பாவம் ஜோசபின்!"

சட்டென்று அவர் முகம் சிவந்தது.

"இரு, இரு. அந்தச் சுத்தமான பிளேட் யாரோடது? சோப்பையே தொடாம என் குழந்தைகளைத் தொட்டிருக்காங்க! யாரா இருந்தாலும் இன்னிக்கே வெளியே அனுப்பறேன். பேரைச் சொல்லு!"

கிருமி இல்லாத பிளேட்டை அதுவரை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. காவ்யா திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள். நம்பாமல் மறுபடியும் படித்தாள்.

"மேடம்... டாக்டர் வைஜயந்தின்னு போட்டிருக்கு."