இரண்டாவது ‘முடிந்தது’

தொலைபேசிக் கம்பி வழியே பொழுதுபோக்காகக் கடிதம் அனுப்பிக்கொள்ளும் வீட்டுக் கணினிகளில் சிட்டுதான் பயந்தாங்கொள்ளி. அனுப்பிய கடிதம் முழுசாய்ப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் தவித்துக்கொண்டே இருக்கும்.

“கடைசியில ‘முடிந்தது’ன்னு ஒரு தடவை சொல்லுவோம். விதியா எழுதிடுங்க அண்ணே!” என்று விதிப்புத்தகம் வைத்திருந்த பழைய கணினியிடம் கெஞ்சியது.

“நல்ல யோசனையான்னு நான் பாக்கறதில்ல. எல்லாரும் செய்யட்டும், செய்யறத அப்படியே எழுதறேன்.”

சிட்டு உடனே செய்து காட்டியது. பதற்றத்தில் ‘முடிந்தது, முடிந்தது’ என்று இரண்டு தடவை உளறிவிட்டது. மற்றவையும் அப்படியே பழகிக்கொண்டன. பழைய கணினியும் எழுதிக்கொண்டது.

“ஐயோ, அது பயத்துல வந்த உளறல் அண்ணே!”

“இப்ப அதான் விதி.”

அடுத்த கடிதத்தைச் சிட்டு பதறாமல், ஒரே ஒரு ‘முடிந்தது’ சொல்லி அனுப்பியது. பாதிக் கடிதம் என்று எதிர்முனை அதைக் குப்பையில் போட்டது.